வட ஆற்காட்டில் ஊராய்வு: நூறாண்டு வரலாறும் திருப்பணியாளர் கற்க வேண்டுவனவும்

முன்னுரை

சோளிங்கருக்குக் கிழக்கே அரக்கோணமும் திருத்தணியும், மேற்கே சித்தூர் மாவட்டமும், தெற்கே வாலாஜாப்பேட்டையும் இராணிப்பேட்டையும் அமைந்துள்ளன. கோவில் மலை, நெல்வயல், தறி, தோல் தொழிற்சாலை, மொழி எல்லை ஆகிய யாவும் அருகருகே அமைந்த வட்டாரம் இது. 1781ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் இங்குப் பொருதமையை வரலாற்று நூல்கள் கூறும். ஆயினும் இக்கட்டுரை போரைப் பற்றியதன்று. இவ்வட்டாரத்தை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம், 1989இல் இரண்டாகவும், அதன் வேலூர்ப் பகுதி 2019இல் மீண்டும் மூன்றாகவும் பிரிக்கப்பட்டது. அவ்வாறு பிரிவதற்கு முன்னும் பின்னும், நம் நாட்டில் மிகுதியாக ஆராயப்பெற்ற மாவட்டங்களுள் ஒன்றாக அது இருந்து வந்துள்ளது என்பதே ஈண்டு நாம் கருத வேண்டியது.

நம் இறையியல் கல்லூரிகளில் முதுநிலைப் பட்டத்திற்குப் பயிலும் மாணவர் பலர் இந்நாளில் ஊராட்சித் தேர்தல், சாதி உறவு, தோல் தொழிலாளர் நிலை போன்ற பொருள்களைத் தம் ஆய்வேட்டிற்குத் தெரிந்தெடுக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர் கொண்டுவரும் ஏட்டின் முதல் அதிகாரத்தில் மேனாட்டுக் கோட்பாட்டாளரின் பெயர்கள் நிறைந்திருக்கும். இரண்டாம் அதிகாரத்தில் வினாநிரல் வந்துவிடும். தமக்கு முன் அதே மண்ணில் வினாநிரலோடு நடந்தவர் எவர், அவர் எவற்றைக் கண்டனர், எவற்றைக் காணத் தவறினர் என்னும் செய்தி அதில் இராது.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அதினின்று ஓர் உண்மையை வலியுறுத்துவது இரண்டாம் நோக்கம். ஆய்வாளர் ஊரில் எவ்விடத்தில் அமர்ந்து எவரைக் கேட்டார் என்பதே அவர் காண்பதைப் பெரிதும் வரையறுக்கிறது. அவர் எழுதியதன் விளைவையோ, அவர் ஊரை விட்டுச் சென்ற பின்னும் ஊரார் சுமக்கின்றனர். இதனை நூல்களிலிருந்து மட்டுமன்றி, என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்தும் அறிந்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1. ஆட்சியாளரின் கணக்கு

சென்னை மாகாணத்தில் 1871இல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881இல் வெளிவந்தது. ஹரால்டு ஸ்டூவர்ட் என்னும் அதிகாரி 1890களில் அதனைத் திருத்தி இரு தொகுதிகளாக்கினார். 1891ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் குடிக்கணக்கை நடத்தியவரும் இவரே. மண், ஏரி, நிலவரி, கோவில், சாதி, வழக்கம் ஆகியவற்றைப் பற்றி இத்தொகுதிகள் தரும் செய்திகள் இன்றும் பயன்படுவன.

எனினும் இவ்வெழுத்தின் நோக்கம் ஆட்சியும் வரியும் என்பதை மறத்தலாகாது. செய்தி மேலே சென்ற வழி கர்ணமும் கிராம முன்சீபும் ஆவர். நிலமுடையோர் பற்றி அவர்கள் அறிந்திருந்த அளவுக்குச் சேரியில் வாழ்ந்தோர் பற்றி அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. வரி செலுத்தாதவர் வரிக்கணக்கில் நிழலாகவே தோன்றுவர்.

கணக்கெடுப்பு எல்லையையே மாற்றவல்லது என்பதைச் சோளிங்கர் வட்டாரத்தார் நன்கு அறிவர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது வட ஆற்காட்டின் வடபகுதிகள் அதனோடு சேர்ந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் திருத்தணியும் திருப்பதியும் எவருக்கு உரியன என்னும் வழக்கு எழுந்தது. ம. பொ. சிவஞானம் அவர்கள் வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். வழக்கைத் தீர்க்க அமர்த்தப்பட்ட எச். வி. படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, நிலத்தொடர்ச்சியையும் 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கண்ட தாய்மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோலாக வைத்தார். அதன்படி இயற்றப்பட்ட சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது.

இதில் ஆய்வு முறை பற்றிய பாடம் ஒன்று உண்டு. இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. ஆலயத்தில் தமிழில் செபித்து, பாட்டியிடம் தெலுங்கில் கதை கேட்டு வளர்ந்தோர் நம் சபைகளிலும் உளர். கணக்கெடுப்பாளரின் படிவத்திலோ தாய்மொழிக்கு ஒரே கட்டந்தான் உண்டு. இரண்டாகிய வாழ்வு அங்கே ஒன்றாக எழுதப்படுகிறது. எல்லை வகுக்க அது தேவையாயிருக்கலாம். ஆனால் மக்களை அறிய அந்த ஒரு கட்டம் போதாது.

2. மாணவர் கையில் வினாநிரல்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறையின் முதற் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டிலுள்ள தொழிலாளர் கல்விக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்தவர் இவர். இந்திய ஊரை அறியாமல் இந்தியப் பொருளியலைக் கற்பிப்பதெப்படி என்னும் வினா இவருக்கு எழுந்தது. தம் மாணவரிடம் வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதிவருமாறு பணித்தார். அவ்வாறு திரட்டிய செய்திகள் 1918இல் ஒரு நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற ஊர்களுள் வட ஆற்காட்டைச் சேர்ந்தது தூசி. காஞ்சிபுரத்திற்கு அருகே, பாலாற்றுக்குத் தெற்கேயுள்ள சிற்றூர் அது.

இம்முயற்சியின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் பிறந்தவை. மாணவர் தம் ஊரையே எழுதியமையால் நிலம், கிணறு, கடன், விலை ஆகியவற்றை வெளியார் எவரும் அறியாத நுட்பத்தோடு அறிந்தனர். ஆயின் அக்காலத்தில் கல்லூரிக்குச் சென்றோர் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தினரே. உழுவிப்போர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கையில் உழுவோர் வீட்டு அடுப்பு தெரியாது. ஊர் என்னும் சொல்லுக்கே அவர்கள் வழக்கில் சேரி உட்பட்டதன்று.

எனினும் ஸ்லேட்டர் தொடங்கிய பணியின் உண்மைப் பயன் பின்னரே வெளிப்பட்டது. 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அதே ஊர்களுக்கு ஆய்வாளரை மீண்டும் அனுப்பினர். அம்மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. மார்கரெட் ஹாஸ்வெல் என்பார் மீண்டும் அவ்வூர்களைக் கண்டு 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். 1980களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த எஸ். குகன் முதலியோர் தூசி உள்ளிட்ட ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தனர். ஒருமுறை எடுத்த கணக்கு நிலையைக் காட்டும். மறுமுறை எடுத்த கணக்கே மாற்றத்தைக் காட்டும். நிலம் எவர் கையினின்று எவர் கைக்குச் சென்றது, எவர் ஊரை விட்டுப் போயினர், கூலி உயர்ந்ததா என்பவற்றை, முன் சென்றவர் குறிப்பு இன்றி அறிதல் அரிது.

3. வேலூர் தந்த அறிஞர்

மேற்கூறிய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் நம் வட்டாரத்தவர் என்பது இளைய திருப்பணியாளர் பலர் அறியாதது. மால்கம் ஆதிசேஷையா 1910இல் வேலூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அவ்வூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்றவர். பின்னர்த் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார். யுனெஸ்கோ நிறுவனத்தில் துணைத் தலைமை இயக்குநர் நிலைவரை உயர்ந்து, தாயகம் திரும்பி 1971இல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். 1978 முதல் அதன் இயக்குநராய்ப் பத்தாண்டு பணியாற்றிய சி. டி. குரியன் அவர்களும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராயிருந்தவரே. வறுமையைப் பற்றி எழுதுகையில் எத்தனை பேர் ஏழைகள் என்னும் வினாவோடு நில்லாது, எவ்வேற்பாடு அவர்களை ஏழையாக்குகிறது என்றும் கேட்டவர் அவர்.

தமிழ்நாட்டின் பொருளியலையும் அரசியலையும் தமிழ்நாட்டிலேயே இருந்து முனைவர் பட்டத்திற்கு ஆராய்வதற்கும், ஆய்வு முறைகளை ஒழுங்காகப் பயில்வதற்கும் இந்நிறுவனம் வழிவகுத்தது. அதற்கு முன் நம் மாநில அரசியல் பற்றிய பெருநூல்களுள் பல சிகாகோவிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டத்திற்காக எழுதப்பட்டவை.

4. ஒரே மாவட்டம், இரு முடிவுகள்

கானானை வேவு பார்க்கச் சென்ற பன்னிருவர் கதையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவர்கள் கண்ட நாடு ஒன்றே. சுமந்துவந்த திராட்சைக்குலையும் ஒன்றே. கூறிய செய்தியோ இருவகை. வட ஆற்காட்டின் பசுமைப் புரட்சி ஆய்வுகளைப் படிக்கும்போது அக்கதை நினைவிற்கு வரும்.

1973-74இல் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இம்மாவட்டத்து நெல் விளையும் ஊர்களை ஆராய்ந்தனர். பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பில் பசுமைப் புரட்சி என்னும் சொற்களை அடுத்து ஒரு வினாக்குறி இடப்பட்டிருந்தது. புதிய நெல் ரகங்கள் அரசாங்கப் புள்ளிவிவரம் காட்டிய அளவிற்குப் பரவவில்லை என்பதை ஆய்வாளர் ஊர் ஊராகச் சென்று கண்டனர். அதே ஆய்வில் பங்குகொண்ட ஜான் ஹாரிஸ், செய்யாற்றுப் பகுதியிலுள்ள ஓர் ஊரில் தங்கி ஆராய்ந்து, நிலமும் நீரும் கடனும் எவர் கையில் இருந்தனவோ அவர்களே முன்னேறினர் என்பதை 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

1982-84இல் அதே மாவட்டத்தில் வேறொரு குழு ஆய்வு நடத்தியது. பீட்டர் ஹேசல், சி. இராமசாமி ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல், சிறு விவசாயிகளும் நிலமற்ற கூலியாளரும் புதிய சாகுபடியால் நன்மை பெற்றனர் என்று முடிவு கட்டியது.

இரண்டில் எது மெய் எனக் கேட்கும் மாணவருக்கு நான் கூறும் மறுமொழி, இருவரும் எந்த ஆண்டில், எந்த மழையில், எவரிடம், எதனை அளந்தனர் என்று முதலில் பாருங்கள் என்பதே. இரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் புதிய ரகங்கள் வெகுவாகப் பரவிவிட்டன. 1982-83 வறட்சி ஆண்டு. ஒருவர் வருமானத்தை அளந்தார். மற்றவர் ஒருவர் மற்றொருவரைச் சார்ந்து நிற்கும் நிலையை ஆராய்ந்தார். கூலி உயர்ந்தும் அடிமைத்தனம் நீங்காதிருக்கலாம்.

ஆரணி நகரின் வாணிபத்தை 1973 முதல் பலமுறை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் அவர்களும், சென்னை நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் அவர்களும் 1993-94இல் மீண்டும் ஊர்களுக்குச் சென்று திரட்டியவை 2004இல் நூலாயின. அப்போது கண்ணுக்குத் தெரிந்த பெருஞ்செய்தி கிணற்று நீர் கீழிறங்கியதாகும். விளைச்சலை மட்டும் அளந்தவர்க்குக் கிணறு வற்றுவது தெரிந்திருக்க முடியாது.

5. அரசியல் ஆய்வு: கூட்டத்தின் நடுவே ஒரு கேள்வி

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வட ஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் வன்னியர் ஆதரவு பெற்ற காமன்வீல் கட்சியை எம். ஏ. மாணிக்கவேல் நாயக்கர் நடத்தினார்; தென் ஆற்காடு, சேலம் பகுதிகளில் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் உழைப்பாளர் கட்சியை நடத்தினார். தேர்தலுக்குப் பின் நாயக்கரும், 1954இல் காமராசர் அமைச்சரவையில் படையாட்சியாரும் அமைச்சராயினர். லாய்டு ருடால்ப், சூசன் ருடால்ப் என்னும் அமெரிக்கத் தம்பதியர், சாதிச் சங்கம் எவ்வாறு மக்களாட்சியின் கருவியாகவும் அமைகிறது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டு 1967இல் எழுதினர்.

அதற்கு முன்னரே, 1950களின் பிற்பகுதியில், சென்னை மாநிலத்தில் மக்கள் கருத்தைக் கேட்டறியும் ஆய்வொன்றை இவர்கள் நடத்தினர். அதில் நேர்ந்த இடர்ப்பாடுகளை 1958இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். மேனாட்டு முறைப்படி தனியொருவரை அழைத்துத் தனியே கேட்பதென்பது இங்கு இயலாததாயிற்று. கேள்வி தொடங்கியதும் தெருவே கூடிவிடும். விடையைக் கூட்டமே சொல்லும். கருத்து என்பது ஒருவருக்குத் தனியுடைமை என்னும் எண்ணத்தின் மீதே அம்முறை கட்டப்பட்டிருந்தது. சபைக் கூட்டம் நடத்திய எந்தப் போதகருக்கும் இது புதுச் செய்தியன்று.

1976இல் மூன்று முக்கிய நூல்கள் வந்தன. அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியாகிய மார்கரீட் ராஸ் பார்னெட், திராவிட முன்னேற்றக் கழகத்தின் வளர்ச்சியைப் பண்பாட்டுத் தேசியமாகக் கண்டு எழுதினார். டேவிட் வாஷ்புரூக், கிறிஸ்டோபர் பேக்கர் ஆகிய கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவரும் முந்திய காலத்துச் சென்னை மாகாண அரசியலை ஆராய்ந்து, பதவி, உள்ளாட்சிக் குழு, செல்வாக்கு, கோஷ்டி ஆகியவற்றின் போட்டியாகவே அதனைக் காட்டினர். அரசுக் கோப்புகள் அவர்களது முதன்மைச் சான்று. கோப்பில் மனு எழுதியவர் தோன்றுவார். எழுதத் தெரியாதவர் தோன்றார். எம். எஸ். எஸ். பாண்டியன் 2007இல் வெளியிட்ட நூலில் பொதுவெளிப் பேச்சையும் எழுத்தையும் சான்றாகக் கொண்டு, தன்மானத்தைக் கேட்ட குரலைப் பதவிப் போட்டியாக மட்டும் சுருக்கலாகாது என்று காட்டினார்.

இவ்விடத்தில் தஞ்சை மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்த்தல் தகும். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தாம் ஸ்ரீபுரம் எனப் பெயரிட்ட ஊரில் அக்கிரகாரத்திலேயே தங்கி ஆராய்ந்தார். அதனால் அத்தெருவினர் அவரைத் தம்மவராக ஏற்றனர். அதனாலேயே ஆதிதிராவிடர் தெருவில் அவர் தடையின்றிப் பழக இயலவில்லை. இதனை அவர் தம் நூலில் மறைக்காமல் கூறியுள்ளார். அவ்வொளிவின்மையை நம் மாணவர் கற்க வேண்டும்.

6. திருச்சபை தன்னை ஆராய்ந்தபோது

திருச்சபையும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. கூட்டமாகக் கிறிஸ்தவத்திற்கு வந்தோரைக் குறித்து இந்திய தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் சார்பில் வாஸ்கம் பிக்கெட் நடத்திய ஆய்வு 1933இல் நூலாயிற்று. குடும்பத் தலைவர்களை நேரில் கண்டு, நீங்கள் ஏன் கிறிஸ்தவரானீர்கள் எனக் கேட்டு, விடைகளை ஆன்மீகம், உலகியல், சமூகம், பிறப்பு என நான்கு வகையாகப் பகுத்தனர். உண்மையை அறிய எடுத்த நேர்மையான முயற்சி இது. ஆயினும், நிலக்கிழாரின் அடியிலிருந்து தப்ப விரும்பியவருடைய ஏக்கம் ஆன்மீகமா உலகியலா? யாத்திராகமம் கற்பிக்கும் நாம் இவ்வினாவை எளிதில் கடந்துவிட முடியாது.

1957இல் பெங்களூரில் பி. டி. தேவானந்தன் தலைமையில் அமைந்த சமயச் சமுதாய ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனம், அவருக்குப் பின் எம். எம். தாமஸ் அவர்களின் வழிகாட்டுதலில், நாட்டு அரசியலையும் சமூக மாற்றத்தையும் இறையியலின் பொருளாகவே எடுத்துக்கொண்டது. இன்று நம் கல்லூரிகளில் சமூகப் பகுப்பாய்வு ஒரு பாடமாயிருப்பதற்கு இத்தகைய முன்னோடிகள் காரணர்.

7. 1996: இரண்டு ஆய்வுகள்

1996 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைக் குறித்த இவ்வழக்கில், மாசு செய்தவரே இழப்பைத் தரவேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என நிலைநாட்டப்பட்டது. அத்தீர்ப்பு எவற்றின்மேல் கட்டப்பட்டது? தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிர் செய்யத் தகாததாயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு அதில் உண்டு. திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்று ஒரு தொண்டு நிறுவனம் எண்ணிய எண்ணிக்கையும் உண்டு. கிணறு கிணறாகச் சென்று எண்ணியவர் உழைப்பு, பேச இயலாத நிலத்திற்கு வாயாயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தத்தை ஒட்டி, தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அப்போது நான் முதுநிலை மாணவன். சோளிங்கருக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூரில் அத்தேர்தலைப் பற்றி ஆய்வேடு எழுதினேன்.

ஆலயத் தாழ்வாரத்தில் அமர்ந்து பேட்டி எடுத்தேன். ஆகவே ஊர்த்தெருவினர் வரவில்லை; காலனியார் வந்து, ஊழியக்காரருக்கு எது பிடிக்குமென எண்ணினரோ அதனைக் கூறினர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணியை நான் காணவேயில்லை. அவர் கணவரைக் கண்டு, அவர் கூறியதைத் தலைவர் கூற்று என எழுதினேன். இவை அறியாமைப் பிழைகள். இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. ஏட்டில் ஊரின் பெயரை மாற்றினேன். தெருக்களின் பெயரை மாற்றவில்லை. எந்தத் தெரு எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு அளித்ததாகக் கூறிற்று என்று அட்டவணை இட்டேன். அவ்வட்டாரத்தில் ஆலயத் தெரு என ஒன்றே உண்டு.

ஏட்டின் படி ஒன்று எவ்வாறோ கைமாறி அவ்வூருக்கே சென்றது. நிலமுடையோர் நிறுத்திய வேட்பாளருக்கு ஆலயத் தெரு வாக்களிக்கவில்லை என்பது எழுத்தில் கிடைத்தது. அப்பருவத்தில் மல்லாட்டை பிடுங்க அத்தெருப் பெண்களை எவரும் அழைக்கவில்லை. அடிதடி நிகழவில்லை, காவல் நிலையத்தில் வழக்கில்லை, எனவே எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. சில திங்கள் கழித்து நான் அங்குச் சென்றபோது வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், “எழுதிக்கினு போனீங்களே ஐயா, எங்க தெருப் பேரையுமா எழுதினீங்க?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இருந்ததில்லை. என்னிடம் மறுமொழியும் இருந்ததில்லை. ஏட்டிற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது.

அடுத்த ஆண்டு, 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரை மாவட்டம் மேலவளவில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் வென்ற முருகேசனும் அவரோடிருந்தோரும் கொல்லப்பட்ட செய்தி வந்தது. தேர்தலில் எவர் பக்கம் நின்றார் என்பதை எழுதிவைப்பது எத்தகைய பொறுப்பு என்பதை அன்று முழுவதும் உணர்ந்தேன்.

8. கற்க வேண்டுவன

இவ்வரலாற்றினின்று மாணவருக்குச் சில நெறிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, கேட்குமுன் நடத்தல். நெகேமியா எருசலேமின் அலங்கத்தைப் பற்றி எவரோடும் பேசுமுன், இரவில் சிலரோடு மட்டும் சென்று இடிந்த இடங்களைக் கண்டான். ஊரைச் சுற்றி நடந்து, தெரு, குழாய், கிணறு, சுடுகாட்டு வழி, பேருந்து நிற்குமிடம், தேநீர்க்கடை ஆகியவற்றைப் படமாக வரைந்த பின்னரே வினாநிரலை எழுதுக.

இரண்டாவது, பெயர்ப்பட்டியலில் இல்லாதவரைத் தேடுதல். மாதிரிக் குடும்பங்களைத் தெரிந்தெடுக்க வாக்காளர் பட்டியலையோ சபைப் பதிவேட்டையோ எடுத்துக்கொள்வது நம் வழக்கம். 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இத்தகையோர் நம் ஊர் வாக்காளர் பட்டியலிலும் இல்லை. சபைப் பதிவேட்டிலும் இல்லை. அப்பட்டியலை வைத்து ஆயிரம் பேரைக் கேட்டாலும் அவருள் ஒருவரும் அகப்படார்.

மூன்றாவது, பெண்களிடம் தனியே கேட்டல். விடியலில் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இரவில் திரும்பும் பெண்ணைப் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் தேடுவதில் பயனில்லை. கணவரோ மாமியாரோ கூறுவது அவர் கூற்றாகாது.

நான்காவது, தம் நிலையைச் சொல்லுதல். போதகர் அங்கி அணிந்தவர் கேட்கும் கேள்விக்கு ஒருவகை விடை வரும். அதே கேள்வியைக் கட்சிக்காரர் கேட்டால் வேறு விடை வரும். இதனைத் தவிர்க்க இயலாது. ஏட்டில் எழுதிவைக்க இயலும்.

ஐந்தாவது, மறைக்க வேண்டியதை மறைத்தல். ஊர்ப்பெயரை மாற்றினால் போதும் என எண்ணற்க. அவ்வூரார் ஒருவர் படித்தால் ஆளை அறிவாரா எனக் கேட்டுப் பாருங்கள். அறிவாரெனின் அச்செய்தி, எத்துணை அரியதாயினும், ஏட்டில் இடம்பெறலாகாது.

ஆறாவது, திரும்பிச் செல்லுதல். கண்டவற்றை அவ்வூரார் கூட்டத்தில் படித்துக்காட்டி, திருத்தம் கேட்ட பின்னரே கல்லூரியில் ஏட்டை அளித்தல் முறை. எதனை வெளியிடலாகாது என்பதை நமக்கு முதலில் சொல்ல வல்லவர் அவர்களே.

முடிவுரை

நம் போதகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரம் மாற்றப்படுகின்றனர். புதிதாய் வருபவர் வெறுங்கையோடு தொடங்குகிறார். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உண்டு; தோல் கிடங்கு மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, எந்தக் கிணறு எந்த ஆண்டில் கெட்டது, மேற்படிப்புக்குச் சென்ற முதல் பெண் எவர் என்பவற்றைக் கூறும் ஏடு இல்லை. தூசியை நான்கு தலைமுறை ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கண்டமையால் ஒரு சிற்றூரின் நீண்ட கால வரலாறு நமக்குத் தெரிகிறது. நம் சேகரத்து ஊர்களில் அதைவிட நீண்ட காலம் நாம் இருந்தும் அத்தகைய குறிப்பு ஒன்றும் வைத்திலோம்.

ஆகவே ஒவ்வொரு சேகரத்திலும் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்படலாம் என்பதும், விடுமுறைப் பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர் அதற்குத் துணை செய்யலாம் என்பதும் என் பரிந்துரை. வாக்கும் வழக்கும் பற்றியவை அதில் எழுதப்பட வேண்டா. அதன் முதற்பக்கத்தில், எழுதியவர் எவர், எவ்வாண்டில் எழுதினார், எத்தெருவில் அமர்ந்து எவரைக் கேட்டார், எவரைக் கேட்க இயலவில்லை என்னும் நான்கும் குறிக்கப்படுக. அடுத்து வருபவர் முதலில் படிக்க வேண்டியது அப்பக்கமே.